சூரியனை வரைந்த ப்ரொப்ரைட்டர்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் காதர்பேட்டைப் பக்கம் நடந்தேன். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்துத் தள்ளியதுமான பனியன்களைக் குவித்து விற்கிற கடைகள் அங்கே வரிசையாக உண்டு. ஒரு கடையில் அப்போதுதான் மூட்டையைப் பிரித்தார்கள். பிரித்ததும் அச்சுப் பசையின் வாசனை எழுந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் கோந்து, சூட்டில் காய்ந்த பருத்தி. உங்களுக்கு அது நாற்றமாகப் படலாம். எனக்கு அது இந்த ஊர் ராயபுரம். நின்றுவிட்டேன்.

கடைக்காரர், “எந்த சைஸுங்க வேணும்?” என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு அவரே, “டபுள் எக்ஸெல் அந்தப் பக்கமுங்க” என்று கை காட்டினார். திருப்பூர்க்காரர்களின் கண் தப்பாது. ஒரு தடவைதான் தப்பி நான் பார்த்திருக்கிறேன். அது சூரியன் விஷயத்தில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்திரிகை என்னைத் திருப்பூருக்கு அனுப்பியது. நூல் விலை, சாயத் தண்ணீர், லாரி வேலைநிறுத்தம், மறுபடி நூல் விலை. இதுதான் என் எழுத்துலகம். தங்குவதற்கு ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் அறை கிடைத்தது. கீழே ஆபீஸும் துணி வெட்டும் மேஜைகளும், அதற்கு மேல் தையல், அதற்கும் மேல் செக்கிங், எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை போட்ட அறையில் நான். பகலெல்லாம் கட்டில் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். தையல் மெஷின்கள் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும் என்கிற நிலைக்குச் சில வாரங்களிலேயே வந்துவிட்டேன்.

முதல் நாள் காலை கதவைத் திறந்தால் மாடியில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, கைத்தறிச் சேலை, காதில் செருகிய பென்சில். மூன்று கால் மேல் ஒரு சின்னத் தொலைநோக்கி வானத்தைப் பார்த்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயின் பின்னால் பிடித்திருந்த அட்டையில் குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

“வெளிச்சத்துல நிக்காதீங்க தம்பி. அக்கட்ட போங்க.”

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. நகர்ந்து நின்று எட்டிப் பார்த்தேன். அட்டையில் ஒரு வெளிச்ச வட்டம், அதற்குள் சில கரும்புள்ளிகள். பனியன் ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பில், “டிசைனுங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. ஆனா என்ர டிசைன் இல்லீங்க.”

அவர்தான் ருக்மணி அக்கா. கம்பெனி வாசல் பலகையில் இருந்த பெயரும் ருக்மணிதான். அந்தப் பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சூரியனை வரைவது சுலபம் என்று நினைத்து நானும் ஒரு நாள் பென்சிலைக் கேட்டு வாங்கினேன். தாளில் விழுகிற வட்டம் நிற்காது. மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் குழாயைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். திருப்பும்போது கை ஆடும், கை ஆடினால் புள்ளி இழுபடும். நான் வரைந்து முடித்ததை அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “பரோட்டா நல்லா வந்திருக்குதுங்க” என்றார். என் வானியல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

அவருடையது தாராபுரம் பக்கத்துக் குண்டடத்தில் தொடங்கியது. அப்பாவுக்கு அங்கே மானம் பார்த்த பூமி. கோடையில் புழுதி எழும்பி, சாயங்காலச் சூரியன் கண் கூசாத செம்பு வட்டமாக இறங்குமாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள் அந்த வட்டத்தில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்திருக்கிறார். அப்பாவிடம் காட்டினார். “கண்ணுல தூசி உளுந்திருக்குது கண்ணு, போயி மொகத்தைக் கழுவு” என்றார் அப்பா. மறுநாளும் புள்ளி இருந்தது, இடம் மாறி. தூசி இடம் மாறாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. தாராபுரத்தில் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பு, கோயம்புத்தூரில் பௌதிகம், பிறகு ஆராய்ச்சிப் படிப்பு என்று அந்தப் புள்ளியின் பின்னாலேயே போய், மலை மேல் இருந்த ஒரு சூரிய ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அதுவரை பெண்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. தொலைநோக்கிக் கோபுரத்தில் பெண்ணை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய அவர்களுக்கு அவகாசம் வேண்டியிருந்தது. அதுவரை இருக்கட்டும் என்று பழைய கண்ணாடித் தகடுகள் அடுக்கியிருந்த கிடங்குக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தினமும் எடுத்த சூரியப் படங்கள் அவை. துடைத்து அடுக்கி வைப்பதுதான் வேலை. அக்கா துடைக்கும்போதே அளந்தார்.

இந்த இடத்தில் பனியனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டமான பனியனைத் துவைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்க வேண்டிய தையல் மெல்லத் திரும்பி வயிற்றின் மேல் வந்து நிற்கும். துணி முறுக்கிக்கொள்கிறது என்பார்கள். அக்காவின் அப்பா குண்டடத்திலிருந்து திருப்பூர் வந்து நிட்டிங் மெஷின் போட்ட பிறகு, அந்த முறுக்கம் வீட்டில் தினசரிப் பேச்சாக இருந்தது. விடுமுறைக்கு வருகிற பெண் அதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தாள்.

பல வருடத் தகடுகளை அளந்தபோது, நடுவில் ஒரு காலத்தில் மட்டும் சூரியப் புள்ளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் சாய்ந்து ஓடியிருப்பது தெரிந்தது. வெளிநாட்டில் சிலர் இதைக் கவனித்து, சூரியனே அப்போது அப்படி மாறியிருந்தது என்று விளக்கம் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்குப் பனியன் தையல் ஞாபகம் வந்தது. புள்ளிகள் மட்டும் சாயவில்லை, தகட்டில் இருந்த எல்லாமே ஒரே அளவுக்கு ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அந்த வருடங்களில் தகட்டைப் பிடிக்கும் சட்டம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. அதை நிரூபித்து, ஒவ்வொரு தகட்டுக்கும் எவ்வளவு திருப்பிப் படிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தத் திருத்தத்தை வைத்துத்தான் பிறகு எல்லோரும் அந்தத் தகடுகளைப் படித்தார்கள். கோபுரத்தின் சாவியும் அதற்கு அப்புறம்தான் அவர் கைக்கு வந்தது. அங்கே ஒரு தொலைநோக்கியின் முழுப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர்.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதாக நினைக்காதீர்கள். புள்ளி வரைகிற நேரத்தில் ஒன்று, டீ குடிக்கிறபோது ஒன்று என்று வாங்கிச் சேர்த்தது. சேர்த்து ஒரு கட்டுரையாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டு, “சூரியன் இங்கயும் இருக்குதுய்யா. நீ நூல் விலையை அனுப்பு” என்றார்.

இப்போது பலகை. அந்த நாளில் திருப்பூர்த் தெருக்களில் கம்பெனிப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், பெண்கள் ஆட்சி செய்யும் ஊர் என்று தோன்றும். அம்மா பெயர், மனைவி பெயர், மகள் பெயர். வரிக்காகவோ வங்கிச் சலுகைக்காகவோ இரண்டாவது கம்பெனியைப் பெண் பெயரில் தொடங்குவது வழக்கம். ப்ரொப்ரைட்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிற அம்மணி, அந்தக் கட்டடத்தின் படி ஏறியிருக்கவே மாட்டார். அக்காவின் அப்பாவும் அதைத்தான் செய்தார். மகள் மலை மேல் இருக்கும்போது, லீவுக்கு வந்த ஒரு நாள், சில தாள்களை நீட்டினார். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு மலையேறினார். அப்பா இருந்தவரை தேவைப்பட்ட தாள்கள் தபாலில் போய்த் தபாலில் வந்தன.

அப்பா திடீரென்று ஒரு நாள் மெஷின் பக்கத்திலேயே விழுந்து இறந்தார். காரியத்துக்கு வந்த மகள் திரும்பிப் போக முடியவில்லை. அந்தச் சின்னக் கம்பெனிதான் அதற்குள் பெரிதாகி, தபாலுக்குக் காத்திருக்க முடியாத கையெழுத்துகள் தினமும் வந்தன. ஏற்றுமதி உரிமம் அவர் பெயரில். வங்கிக் கணக்கு அவர் பெயரில். வெளிநாட்டு வியாபாரிகளின் ஒப்புதல் அவர் பெயரில். தம்பி மூர்த்திதான் எல்லா வேலையும் பார்த்தார், ஆனால் எதிலும் அவருக்குக் கையெழுத்து இல்லை. பெயரை மாற்றலாம். மாற்றினால் வங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கும், வியாபாரி மறுபடி சோதனைக்கு வருவார், அதுவரை சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

“இந்த ஷிப்மென்ட் மட்டும் போகட்டுங்கக்கா, மாத்திப்புடலாம்” என்பார் மூர்த்தி. அந்த ஷிப்மென்ட் போகும்போது அடுத்ததற்கான துணி பின்னப்பட்டுக்கொண்டிருக்கும். கோடை ஆர்டர் முடியும்போது குளிர்கால ஆர்டர் மேஜையில் இருக்கும். பனியன் தொழிலில் எதுவும் முடிவதே இல்லை என்பதை நான் அந்த மாடியில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். மூர்த்தி கெட்டவர் இல்லை. அக்கா கையெழுத்தை அவரே போட்டுவிடலாம் என்று கணக்கர் யோசனை சொன்னபோது, “அக்கா கையெழுத்தை நான் போட்டா அப்பன் வந்து கேப்பாரு” என்று மறுத்தவர். அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

அக்கா சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் இருந்தார். மலையில் தினமும் செய்தது போலவே, காலையில் மாடி சூடாகி வட்டம் நடுங்கத் தொடங்குவதற்குள் சூரியனை வரைந்துவிடுவார். பிறகு கீழே இறங்கிக் கையெழுத்து. இடைப்பட்ட நேரத்தில் சும்மா இருக்க முடியாமல், துவைத்த துணியில் முறுக்கத்தை அளக்க ஒரு முறையை உண்டாக்கி வைத்திருந்தார். துணியில் ஒரு சதுரம் வரைவது, துவைப்பது, மூலை எவ்வளவு நகர்ந்தது என்று தகட்டை அளந்தது போலவே அளப்பது. கம்பெனிக்குப் பனியன் கழிபட்டுத் திரும்பி வருவது குறைந்தது. மூர்த்தி சந்தோஷப்பட்டார். அக்காவும் அப்போது சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மாதம் ஒரு முறை தாராபுரத்திலிருந்து அவர்களுடைய மாமா ஒருவர் வருவார். மொட்டை மாடி வரைக்கும் மூச்சு வாங்க ஏறி வந்து தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

“ஏனம்மணி, இத்தனை நாளாப் பாக்கறயே, அந்தச் சூரியன் ஊட்டுல மாப்பிள்ளை யாராச்சும் தென்படறானா?”

“தெரிஞ்சா உங்களைத்தான் மொதல்ல அனுப்புவனுங்க மாமா. போயிப் பேசி முடிச்சுட்டு வாங்க.”

மாமா சிரித்துக்கொண்டே இறங்குவார். அடுத்த மாதம் அதே கேள்வி, வேறு பதில்.

ஒரு நாள் மதியம் ஆபீஸ் போனுக்கு மலையிலிருந்து அழைப்பு வந்தது. நிலையத்தின் இயக்குநர். வெளிநாட்டில் ஒரு முழுச் சூரிய கிரகணம் வருகிறது, நிலையத்திலிருந்து குழு போகிறது, அதில் ஒரு கருவி அக்கா வடிவமைத்தது, அதை அவரே இயக்க வேண்டும். ஆனால் விடுப்பில் இருப்பவர் போக முடியாது. மாதம் பிறக்கும்போது வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் கிரகணம் மட்டுமல்ல, வேலையும் இல்லை. விடுப்பை இனி நீட்டிக்க வழியில்லை.

மாடிக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். சீவ வேண்டிய அளவுக்கு மேல் சீவினார். “போறேன்னு சொல்லிட்டனுங்க தம்பி. மூர்த்திகிட்டயும் சொல்லிட்டேன். கையெழுத்து வேணுமுன்னா மலைக்கு வந்து வாங்கிக்கட்டும்.”

மூர்த்தி தலையாட்டியிருந்தார். ஒரு வாரம் எல்லாம் நல்லபடி நடந்தது. அக்கா தகரப் பெட்டியை வெயிலில் காய வைத்தார். குழுவில் போகிறவர்களுக்கென்று டீ சர்ட் அடிக்கவும் ஏற்பாடு செய்தார். கருநீலத் துணி, மார்பில் மஞ்சளில் சூரிய வட்டம். அன்று காலை வரைந்த புள்ளிகள் அப்படியே வட்டத்துக்குள் வர வேண்டும். அந்த இடங்களில் மஞ்சள் விழாமல் கருநீலம் தெரியும்படி அச்சுத் திரை செய்யச் சொன்னார். அச்சாகி வந்ததைப் பார்த்துவிட்டு, “கரெக்டா இருக்குதுங்க, கோணல் இல்லை” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

எந்தப் பீஸும் செக்கிங்கைத் தாண்டாமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. செக்கிங்கில் பாக்கியம் என்று ஒரு சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அவர் கையில் இருக்கும் பெண்கள் ஊசித் துளையைக்கூட விட மாட்டார்கள். அச்சு விழாத இடம் இருந்தால், அதே நிறப் பசையைத் தீக்குச்சி முனையில் தொட்டு நிரப்பிவிடுவது அங்கே வழக்கம். அக்காவின் டீ சர்ட் என்று தெரிந்ததால் கூடுதல் கவனத்தோடு, சாப்பாட்டு இடைவேளையிலும் எழுந்திருக்காமல், எல்லாப் பீஸிலும் எல்லாப் புள்ளிகளையும் மஞ்சளால் அடைத்துவிட்டார்கள்.

அக்கா போய்ப் பார்த்தபோது நானும் உடன் இருந்தேன். மேஜையில் வரிசையாகச் சூரியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் மறு இல்லை. அந்த மண்ணெண்ணெய் வாசனை தொண்டை வரைக்கும் இறங்கியது.

“இது என்ன பாக்கியம்?”

“அச்சு விட்டுப்போயிட்டுன்னுல்லா நெனச்சோம். ஒரு எடமா ரெண்டு எடமா, எல்லாப் பீஸுலயும் அதே எடத்துல விட்டுருக்கான். பிரிண்டிங்காரன்ட்ட நல்லாக் கேளுங்கக்கா. நாங்க பொறுக்கிப் பொறுக்கி அடைச்சிட்டோம்.”

அக்கா ஒரு டீ சர்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பாக்கியம் பயந்துபோய் எழுந்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தும் சிரிப்பு நிற்கவில்லை.

“இப்படி ஒரு சூரியன் இருந்திருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது பாக்கியம்.”

“அப்ப நல்லதுதானக்கா. இங்கனயே இருந்துருப்பியல்லா?” என்றார் பாக்கியம். அன்பாகத்தான் சொன்னார். அக்காவின் சிரிப்பு அதோடு நின்றது. மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. இதையே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அவர் கிளம்ப வேண்டிய வாரத்தில் வெளிநாட்டு வியாபாரியின் ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கு முன்னுரிமை என்று அவர்கள் புதிதாக ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். திருப்பூரில் பலகையில் மட்டும்தான் பெண் இருக்கிறாள் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும். ப்ரொப்ரைட்டரை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இதற்கும் ஊரில் ஒரு முறை இருந்தது. வீட்டம்மணி பட்டுச் சேலையில் வந்து உட்காருவார், புன்னகைப்பார், கணவரோ மகனோ பதில் சொல்வார். மூர்த்தி அதையே அக்காவிடம் சொன்னார். “நீங்க சும்மா உக்காந்தாப் போதுங்கக்கா. நாயமெல்லாம் நான் பேசிக்கறேன்.” அக்கா சரி என்றார். நாற்காலி பற்றாக்குறையால் என் அறை நாற்காலியையும் கீழே இறக்கினார்கள். அதன் பின்னாலேயே நானும் இறங்கி ஓரமாக நின்றுகொண்டேன். செய்தியாளனுக்கு அழைப்பு அவசியமில்லை.

வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் சென்னை ஏஜென்ட் ஆபீஸ் ஆள் ஒருவரும் இருந்தார்கள். முதல் அரைமணி நேரம் அக்கா சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பெண்மணி, துவைத்தால் துணி எவ்வளவு முறுக்குகிறது என்று கேட்டார். மூர்த்தி எல்லோரும் சொல்கிற எண்ணைச் சொன்னார். தப்பான எண்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு தப்பான எண் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்தது போல இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, “அது சரியில்லை” என்று சொல்லி உண்மையான எண்ணைச் சொன்னார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார் அந்தப் பெண்மணி. அக்கா எழுந்து போய்ச் சதுரம் வரைந்த துணிகளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். நூலின் முறுக்கு, மெஷினின் சுற்று, சலவை என்று மூன்றையும் பிரித்துக் காட்டினார். ஏஜென்ட் ஆபீஸ் ஆள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். வெள்ளைக்காரப் பெண்மணி தன் நாற்காலியை மூர்த்தியிடமிருந்து அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த நாற்காலி என்னுடையது.

போகும்போது அவர்கள் ஆர்டரைப் பல மடங்கு உயர்த்திவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சரக்குக்கும் கடைசிச் சோதனையின்போது ப்ரொப்ரைட்டர் நேரில் இருந்து கையெழுத்திட வேண்டும். வேறு யாரும் கூடாது.

மூர்த்தி மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். பெட்டி வந்ததும் முதல் துண்டை அக்காவுக்கு நீட்டினார். அவர் வாங்கவில்லை. அப்போதுதான் மூர்த்திக்கு, அக்கா மலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் ஞாபகம் வந்தது.

“இந்த சம்மர் ஆர்டர் மட்டுங்கக்கா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “புதுசா இத்தனை பேரை வேலைக்கு எடுக்கோணும். நீங்க இல்லீன்னா வெளிநாட்டுக்காரங்க வர மாட்டாங்க.”

“நீ சொல்ற எத்தனாவது சம்மர்டா இது?”

மூர்த்தி இனிப்புப் பெட்டியை மூடி வைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தார்கள். அவர்களுக்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. பாக்கியம் யாருக்கோ சைகையில், அக்கா போகல என்று சொல்வது தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தார்.

மறுநாள் மலைக்கு அவரே போன் செய்தார். மெஷின் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்ததால் மாடிப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. வர முடியவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கருவியைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார். யார் இயக்கப் போகிறார்கள் என்று கேட்டு, அவரையே போனில் கூப்பிடச் சொன்னார்.

“பின்னாடி இருக்கற மூணாவது திருகு கொஞ்சம் லூஸா இருக்கும். பேப்பரை மடிச்சு வெச்சு முடுக்குங்க. ரொம்ப முடுக்கீராதீங்க, லென்ஸ் திரும்பிக்கும். இருட்டானதும் கை நடுங்கும், எல்லார்த்துக்கும் நடுங்கும். ஸ்டாண்டைப் புடிச்சுக்காதீங்க, உங்க இன்னொரு கையையே புடிச்சுக்குங்க.”

போனை வைத்துவிட்டு மேஜை மேல் இருந்த தாள்களை இழுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். டீ சர்ட் பெட்டி மட்டும் பஸ்ஸில் ஏறி மலைக்குப் போனது. பிறகு படம் ஒன்று வந்தது. ஏதோ ஒரு தேசத்தின் வெட்டவெளியில் வரிசையாக ஆண்கள், மார்பில் மறுவில்லாத சூரியன். கருவி நன்றாக வேலை செய்ததாம். அக்காவின் வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழியாக அவர் படம் வந்தது, வணிகப் பக்கத்தில், சாதனைப் பெண் தொழிலதிபர் என்று. அதை நான் எழுதவில்லை, கோவைப் பதிப்பிலிருந்து வந்து வேறொருவர் எழுதினார். நூல் விலைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

ஆர்டர் பெருத்ததால் இடம் போதவில்லை. மொட்டை மாடியில் ஷெட் போடுவதென்று முடிவாயிற்று. என் அறை போக வேண்டும், அக்காவின் வானமும் போக வேண்டும். கட்டட அனுமதிக்கான வரைபடத்தில் ப்ரொப்ரைட்டர் கையெழுத்து வேண்டும் அல்லவா, அதையும் அவர்தான் போட்டார். இரும்புச் சட்டங்கள் ஏறுகிற காலையில் கடைசியாக ஒரு முறை வரைந்தார். நான் என் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“கெழக்கு ஓரத்துல ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் இப்பத்தான் உள்ள வருதுங்க தம்பி” என்றார். “அக்கட்டப் போய்ச் சேர ரெண்டு வாரம் ஆகும்.” வெல்டிங்காரர், “கொஞ்சம் ஒதுங்குங்கம்மா, பொறி பறக்கும்” என்றார். அக்கா அட்டையோடு ஒதுங்கினார்.

அதற்குப் பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது.

காதர்பேட்டையிலிருந்து ராயபுரம் தூரமில்லை. அன்று பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். கட்டடம் இருக்கிறது. தையல் சத்தம் இல்லை. கீழ்த்தளத்தில் கூரியர் கம்பெனியின் கிடங்கு. இந்திக்காரப் பையன்கள் பெட்டிகளை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முதல் மாடியில் குடியிருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது. “பரோட்டாத் தம்பிங்களா?” என்றார் பிறகு.

விவரம் எல்லாம் சொன்னார், செய்தி வாசிப்பது போல. அந்த வியாபாரி விலை குறைவாகக் கிடைக்கிற வேறு நாட்டுக்குப் போய்விட்டார். பாக்கியம் ஊருக்குத் திரும்பிவிட்டார். மூர்த்திக்கு உடம்பு முடியவில்லை. இருக்கிற கொஞ்சம் உள்நாட்டு வியாபாரத்தை அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். கம்பெனியை அவன் பெயருக்கு மாற்றியாயிற்று.

“மலைக்குப் போனீங்களா?”

“போன வருசம் போனனுங்க. மூர்த்தி பையன் கார்ல கூட்டிப் போனான். இப்ப யாரும் வரையறதில்லையாமா. காமெராவே பாத்துக்குதாம், மேல சுத்தற சேட்டிலைட்டும் இருக்குதாம். நல்ல படமுங்க. நாங்க எடுத்ததைவிட எத்தனையோ சுத்தம். கோபுரம் பூட்டிக் கெடக்குது. தகடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தீட்டாங்க, அந்தக் கெடங்குல இப்ப வேற என்னமோ வெச்சிருக்கறாங்க.”

 கீழே பெட்டிகள் விழுகிற சத்தம் கேட்டது. கேட்கலாமா என்று யோசித்து, கேட்டேன். பெயர் மாற்றத்துக்கு ரொம்பச் சிரமப்பட்டீர்களா என்று.

“ஒரு மத்தியானமுங்க” என்றார். “அவன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தான். என்ர போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு, சொன்னேன். கையெழுத்தே கேக்கலைங்க. சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுட்டு வர்றேன், முடிஞ்சுதுங்க அத்தைங்கறான்.”

அவரைப் பிடித்து வைத்திருந்தவை ஒவ்வொன்றும் இப்போது இல்லை. அந்த வியாபாரி இல்லை, உரிமத் தாள்கள் இல்லை, வாசலில் பலகை இல்லை, இந்த ஷிப்மென்ட் மட்டும் என்று சொல்கிற குரல் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். மலை மேல் பென்சிலோடு ஒருவர் தினமும் நிற்க வேண்டியிருந்த அந்த வேலையும் இல்லை.

விடைபெற எழுந்தேன். அக்கா தன் வலது கை விரல்களை இடது கையால் நீவி விட்டுக்கொண்டிருந்தார். “தட்டைக் கழுவறதுக்குள்ளங்க தம்பி” என்றார் மறுபடியும், என்னிடம் சொல்வது போல இல்லை.